ஃபில்டர் எடுத்த வண்டி

"வண்டி இப்ப நல்லா ஓடுதும்மா. எனக்குத்தான் தாங்க முடியல" என்றார் வெள்ளத்துரை.

உலகம்மை மடத்துக் கிணற்றடியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"என்ன தாங்க முடியல அண்ணாச்சி?"

"அதச் சொல்லத்தான் வந்தேன். வாய் வரமாட்டேங்கு."

"அப்ப கீரைய உருவுங்க."

வெள்ளத்துரை உட்கார்ந்து உருவினார். காம்பையும் சேர்த்து உருவினார். உலகம்மை காம்புகளைப் பொறுக்கித் தனியே போட்டார்.

மடம் என்றதும் கோபுரத்தையும் யானையையும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு ஓட்டுக் கட்டிடம், ஒரு கிணறு, ஒரு வண்டிக் கொட்டகை. அவ்வளவுதான்.

மடம் மலைக்கு இந்தப் பக்கம். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். நடுவில் கொண்டை ஊசி வளைவுகள். இந்தப் பக்கத்து ஊர்களில் கிட்னி போனவர்கள் நிறையப் பேர். தண்ணீர்தான் காரணம் என்பார்கள், வெயில் என்பார்கள். நிச்சயமாகச் சொல்ல ஆள் இல்லை. வாரத்தில் மூன்று நாள் அவர்களை ஏற்றிப்போய், ரத்தம் சுத்தம் செய்ததும் திரும்பக் கூட்டிவருவது மடத்து டீசல் வேன். அதை ஓட்டுகிறவர் வெள்ளத்துரை.

மடத்துக்கு ஒரே ஒரு சட்டம். மௌனம்.

உலகம்மை ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கி வாங்கி, ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அப்புறம்தான் இந்த இடம். எல்லைக்கல்லுக்கு உள்ளே தேவைக்கு மேல் பேச்சு கிடையாது. பாட்டு கிடையாது. எஞ்சின் கிடையாது.

வேன் வந்து எல்லைக்கல்லைத் தொட்டதும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அங்கிருந்து கொட்டகை வரை மடத்து ஆட்கள் கூடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். போகும்போதும் அப்படியேதான், எல்லைக்கல் வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்வார்கள். வேடிக்கை பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். தள்ளுகிறவர்களுக்கு அது பூஜை மாதிரி.

வெள்ளத்துரை உலகம்மையைவிட வயதில் மூத்தவர். லாரி ஓட்டிய காலத்தில் சைக்கிளில் வந்த ஒருவரை அடித்துப்போட்டு ஜெயிலுக்குப் போனவர். வெளியே வந்த பிறகும் அன்றைக்கு மிதித்த பிரேக்கின் கிறீச்சல் காதைவிட்டுப் போகவில்லை. சாப்பிடும்போதும் கேட்கும், குளிக்கும்போதும் கேட்கும். இந்த மடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அது நின்றது. அதனால் அவருக்கு உலகம்மை சொன்னதுதான் வேதம்.

அப்படிப்பட்ட மனிதர்தான் இப்போது கீரையைக் காம்போடு உருவிக்கொண்டிருக்கிறார்.

"தாவீதத்தான நினைக்கிய?" என்றார் உலகம்மை.

வெள்ளத்துரை தலையை ஆட்டினார்.

தாவீது தையல்காரர். ஒருநாள் காலையில் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு வாங்கியது. முறை நாள் இல்லை, ஆனாலும் உடனே வண்டியில் ஏற்றினார்கள். மனைவி ஜெபமணி அவர் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். மலை ஏறத் தொடங்கி மூன்றாவது வளைவில் வண்டிக்கு இழுவை போனது. எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் முனகியதே தவிர ஏறவில்லை. விறகுக் கட்டோடு நடந்து போனவன் வண்டியை முந்திக்கொண்டு போனான்.

"அவசரமில்ல அண்ணாச்சி, மெதுவாவே போங்க" என்று தாவீது சொன்னாராம். மலை உச்சிக்குப் போவதற்குள் அவர் போய்விட்டார்.

"அதுக்கப்புறம் வண்டிய ரிப்பேர் பண்ணியாச்சுன்னு சொன்னியளே" என்றார் உலகம்மை.

"ரிப்பேர் இல்லம்மா."

"பின்ன?"

"சைலன்சர் பக்கத்துல கரி பிடிக்க ஒரு ஃபில்டர் உண்டு. அதுதான் அடைச்சுக்கிட்டு. அடைச்சா எஞ்சின் தன்னைத்தானே இறுக்கிப் பிடிச்சுக்கிடும், இழுக்காது. பட்டறையில அத அறுத்து, உள்ள கம்பிய விட்டு ஃபில்டர இடிச்சு எடுத்துட்டு, மறுபடி வெல்டிங் வச்சுட்டாவ. புகை எஞ்சினுக்குத் திரும்பிப் போற பாதையில தகடு வச்சு அடைச்சாச்சு. ஃபில்டர் இல்லன்னு வண்டி கண்டுபிடிச்சிரக் கூடாதுல்லா, அதுக்குக் கம்ப்யூட்டர்ல புரோகிராமையும் மாத்தியாச்சு. இனிமே டேஷ்போர்டுல விளக்கு எரியாது. என்ன கெட்டாலும் எரியாது."

"வண்டி ஏறுதா?"

"பேய் மாதிரி ஏறுது."

"அப்புறம் என்ன?"

"கரி பூரா வெளிய வருதும்மா. வளைவுல பஸ்ஸுக்கு நிக்க சனம் மூக்கப் பொத்துது. பின்கதவு ரப்பர் போனதுல வண்டிக்குள்ளயும் புகை வருது. ஏற்கெனவே பாதி உயிரா இருக்க சனங்க. மூக்கம்மாவுக்கு இருமல் நிக்கவே இல்ல. டாக்டர் நெஞ்சுல குழாய வச்சுப் பாத்துட்டு, அடுப்படியிலயே கிடக்கியாம்மான்னு கேக்காரு."

அவர் கீரையைக் கீழே போட்டார்.

"ஃபில்டர் இருந்தா வழியில நின்னு சாவு. இல்லன்னா உள்ள இருந்தே சாவு. எதுல வச்சுக் கொண்டுபோக? நீங்க சொல்லுங்கம்மா, அப்படியே செய்யுதேன்."

உலகம்மை உருவிய கீரையை முறத்தில் பரப்பினார்.

"நாளைக்கு நானும் வாரேன்" என்றார்.

மறுநாள் உலகம்மை வண்டியில் கடைசி இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் மூக்கம்மாள். எலும்பும் தோலுமான உடம்பு, வாய் மட்டும் குறையவில்லை.

"வாங்கம்மா, வாங்க. சாமிக்குச் சாம்பிராணி, நமக்கு டீசல்" என்றாள் மூக்கம்மாள்.

உலகம்மை சிரித்தார்.

"என் ஃபில்டரும் போச்சு, வண்டி ஃபில்டரும் போச்சு. எனக்காவது ஆஸ்பத்திரியில ஒரு மிஷின் இருக்கு."

"முன்னால விளக்கு எரிஞ்சுதாமே, நீ பாத்தியா?"

"பாக்காம என்ன? மஞ்சளா எரிஞ்சுக்கிட்டே கிடந்துது. என்ன வெளிச்சம்னு தெரியாம பயமா இருந்துது. நான்தான் என் நெத்தியில இருந்த ஸ்டிக்கர் பொட்ட எடுத்து அதுமேல ஒட்டினேன். அப்புறம் யாருக்கும் பயமில்ல."

சொல்லிவிட்டு இருமினாள். இருமல் நிற்க நேரம் பிடித்தது.

வண்டி மலை ஏறியது. உண்மையிலேயே நன்றாக ஏறியது. மூன்றாவது வளைவில் வெள்ளத்துரை பார்வையை ரோட்டை விட்டு எடுக்கவில்லை. கதவு இடுக்கில் புகை நுழைந்து கடைசி இருக்கையில் தங்கியது. உலகம்மைக்குக் கண் எரிந்தது. முந்தானையால் மூக்கை மூடலாம். மூடவில்லை.

திரும்பி வரும்போது எல்லைக்கல்லில் எஞ்சினை அணைத்தார்கள். மடத்து ஆட்கள் வந்து நின்றார்கள். உலகம்மையும் இறங்கிப் பின்பக்கம் கைகொடுத்துத் தள்ளினார். வண்டி கொட்டகைக்குள் போனது. அவர் உள்ளங்கை இரண்டும் கறுப்பாக இருந்தன.

எல்லாரும் போனபின் அவர் கேட்டார்.

"ஃபில்டர் ஏன் அடைச்சுது?"

"கரி சேந்து."

"எல்லா வண்டியிலயும் கரி சேரும்லா? எல்லா வண்டியும் மலையில நிக்குதா?"

வெள்ளத்துரை வண்டிச் சாவியைக் கையில் உருட்டினார். அவருக்குத் தெரியும். தெரிந்ததைத்தான் தாங்க முடியவில்லை. பாவம், பொய் சொல்லவும் அவருக்குச் சரியாக வராது.

"பட்டறையில என்ன சொன்னாவ?"

"பழைய வண்டி, அப்படித்தான் ஆகும்னு..."

"அண்ணாச்சி."

வெள்ளத்துரை வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சேர்ந்த கரிய வண்டி தானே எரிச்சுக்கிடுமாம்மா. அதுக்குன்னு ஒரு நேரம் வரும். அப்ப எஞ்சின் கொஞ்சம் கூடுதலாச் சுத்தும், ஃபேன் இரையும், சூடு வாடை அடிக்கும். ஒரு கால் மணி, இருபது நிமிஷம் நிறுத்தாம ஓடவிட்டா எல்லாம் எரிஞ்சு சாம்பலாப் போயிரும். நடுவுல அணைச்சா எரியாது. ஒவ்வொரு தடவையும் நடுவுல அணைச்சா கெட்டிப்பட்டுப் போகும்."

"சரி."

"மலையில இறங்கும்போது எஞ்சின் ஆறிப்போகும். கீழ வந்து தென்னந்தோப்பு ரோட்டுல கொஞ்சம் ஓடினாத்தான் எரிக்க ஆரம்பிக்கும்."

"சரி."

"தோப்பு முடிஞ்சா எல்லைக்கல்லும்மா."

உலகம்மை தன் கறுத்த உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"அப்ப எனக்குத் தெரியாதும்மா. ஃபேன் இரையுதே, உங்களுக்குக் கேட்டுரப்படாதேன்னு நான் இன்னும் சட்டுனு அணைப்பேன். வருஷக்கணக்கா அப்படித்தான் அணைச்சேன். பட்டறைக்காரன் உள்ள பாத்துட்டு, யாரு அண்ணாச்சி இப்படி அணைச்சு அணைச்சு வச்சதுன்னு கேட்டான். தெரியலப்பான்னு சொல்லிட்டேன்."

"அவன் வேற வழி சொன்னானா?"

"சொன்னான். புது ஃபில்டர் போட்டு, எரிக்க ஆரம்பிச்சா அணைக்காம ஓட்டுங்கன்னான். கல்லத் தாண்டி உள்ள வந்து நின்னாலும் எஞ்சின் ஓடணும்னான்."

"அத எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே."

"சொன்னா சட்டத்த எடுத்திருவிய."

"எடுத்திருப்பேன்."

"எதுக்குன்னு கேப்பிய. நான் சொல்லணும். தாவீது எதுனால செத்தாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோகும்."

வெள்ளத்துரை துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இந்த இடம்தானம்மா என் காதுல கேட்ட சத்தத்த நிறுத்திச்சு. அதே இடம் ஒரு ஆளக் கொன்னுட்டுன்னு உங்க முன்னால நின்னு எப்படிச் சொல்லுவேன்? அதுக்குப் பதிலா ஃபில்டர இடிச்சுப் போட்டுருவோம்னு தோணிச்சு. இடிச்சுட்டேன்."

காற்றில்லை. கொட்டகைக்குள் சூடான எஞ்சின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

உலகம்மைக்கு அழுகை வந்தது. அடக்க முயலவில்லை. இத்தனை வருஷமாகத் தன்னைத் தேடி வந்தவர்கள் அழும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். இன்றைக்கு அவர் பக்கத்தில் வெள்ளத்துரை உட்கார்ந்திருந்தார். என்ன செய்வதென்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

கடைசியில் வெள்ளத்துரை சொன்னார். "புது ஃபில்டர் போட்டிரலாம்மா. சட்டத்த மட்டும் சத்தமில்லாம மாத்திக்கிடுவோம். வண்டிக்காகன்னு சொன்னாப் போதும். யாரும் கேக்கமாட்டாவ."

"ஃபில்டர் போடலாம்" என்றார் உலகம்மை. "தாவீதுக்கு?"

உலகம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"வண்டிய எடுங்க. ஜெபமணி வீட்டுக்குப் போகணும்."

வெள்ளத்துரை பதறிப்போய் எழுந்தார்.

"வேண்டாம்மா. அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லாதீங்க."

"ஏன்?"

"உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தாவீது போன பிறகு ஜெபமணிக்கு வீட்டில் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மிஷினை விற்றுப் பார்த்தாள். மிஷின் போனது, சத்தம் போகவில்லை. சர்ச்சுக்குப் போனால் ஆறுதல் சொல்ல ஆள் கூடிவிடுகிறார்கள். யாரோ சொல்லி மத்தியானத்தில் மடத்துக்கு வந்தாள். கிணற்றடிச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் கண்ணை மூடித் தூங்கினாள். அதிலிருந்து தினமும் வருகிறாள். ஒருவரோடும் பேசுவதில்லை. தூங்கி எழுந்து, வாளியில் தண்ணீர் இறைத்து முகம் கழுவிவிட்டுப் போய்விடுவாள்.

"அதுக்கு வேற போக்கிடம் இல்லம்மா" என்றார் வெள்ளத்துரை.

"எனக்கும் இல்ல அண்ணாச்சி."

உலகம்மை முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வெள்ளத்துரை வண்டி தள்ள ஆட்களைக் கூப்பிடப் போனார்.

"யாரும் வேண்டாம். இங்கனயே ஸ்டார்ட் பண்ணுங்க."

"கொட்டகைக்குள்ளயா?"

"ஆமா."

வெள்ளத்துரை சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. மடம் உண்டான நாளிலிருந்து அங்கே கேட்காத சத்தம். அடுப்படியில் இருந்தவர்கள், குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வெளியே ஓடிவந்தார்கள். உலர்த்தியிருந்த துணிகளின் மேல் கறுப்புப் புகை படர்ந்தது. ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உலகம்மை யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

ஜெபமணி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. அது தாவீதை ஏற்றிப்போன வண்டி. உலகம்மை இறங்குவதைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்து ஓடிவந்தாள்.

"வாங்கம்மா. நீங்க ஏன் வந்திய? சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்லா."

"உக்காரு தாயி."

ஜெபமணி உட்காரவில்லை. உலகம்மையும் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். ஃபில்டர், கரி, அது எரிகிற நேரம், எல்லைக்கல், மௌனம், ஒவ்வொரு தடவையும் நடுவில் அணைத்த எஞ்சின், மூன்றாவது வளைவு. ஒன்றையும் விடவில்லை. ஒன்றையும் மழுப்பவில்லை. வெள்ளத்துரை வண்டிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி நின்றார்.

ஜெபமணி கேட்டுக்கொண்டே இருந்தாள். புடைத்த அரிசியில் கோழி வாயை வைத்தது. அவள் விரட்டவில்லை.

"எஞ்சின அணைக்காம ஓட விட்டிருந்தா?" என்று கேட்டாள்.

"ஃபில்டர் அடைச்சிருக்காது."

"வண்டி மலை ஏறியிருக்கும்."

"ஏறியிருக்கும்."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம்."

"போயிருப்பிய."

"அவரு பிழைச்சிருப்பாரா?"

"பிழைச்சிருக்கலாம். எனக்குத் தெரியல தாயி."

உலகம்மை தரையில் மண்டியிட்டார். "அந்தச் சட்டம் போட்டது நான்தான். இவரு இல்ல, வண்டி இல்ல. நான்."

ஜெபமணி திட்டவில்லை. அழவில்லை. மடம் இருக்கிற திசையைப் பார்த்தாள். பிறகு கதவு வழியாக உள்ளே, விற்றுப்போன மிஷின் கிடந்த மூலையைப் பார்த்தாள். அவள் காதில் என்ன கேட்டதோ, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப நாளையிலிருந்து நான் எங்கம்மா போய் உக்காருவேன்?" என்றாள்.